வேலை ஏதுமில்லை என்று பதிவான பெண்கள்

புலப்பெயர்வின் வரலாற்றை எழுதும் நண்பர்களுக்கும், எழுதத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்கும்,



அமெரிக்காவின் 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகச் சென்று விவரம் எழுதியவர்களுக்கு ஒரு விதி தரப்பட்டிருந்தது. சொந்த வீட்டில் கூலியில்லாமல் வீட்டு வேலை பார்க்கிற பெண்ணுக்கு வேறு வேலை இல்லையென்றால், தொழில் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். வெளியாட்களைத் தங்கவைத்துச் சோறு போடுவதையும், அதுவே முதன்மையான பிழைப்பாக இருந்தால்தான் தொழிலாகக் கொள்ள வேண்டும். பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களிலும் ஒஹாயோவின் ஆலைத் தெருக்களிலும் இந்த விதியின் விளைவைக் காணலாம். முதலில் குடும்பத் தலைவர், ஃபவுண்டரித் தொழிலாளி. அடுத்த வரியில் மனைவி, தொழில் இல்லை. பிறகு பிள்ளைகள். அவர்களுக்கும் கீழே அந்த வீட்டில் தங்கிச் சாப்பிடும் ஆண்கள், வரிசையாக.

அத்தனை பேருக்கும் சமைத்தவர், துவைத்தவர், படுக்கை விரித்தவர், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்தவர் அந்த இரண்டாவது வரியில் இருக்கும் பெண். வேலை ஏதும் இல்லாதவர் என்று அரசாங்கம் எழுதிக்கொண்டது. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பலரும் அந்தக் கட்டத்தைத் திருத்தவில்லை. ஆலையை நிறுவியவரின் பெயரும், கோயிலின் முதல் பங்குத்தந்தையின் பெயரும், சங்கத் தலைவரின் பெயரும் நூல்களில் உண்டு. பாட்டியின் பெயர் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு பெயரைச் சொல்லி ‘இவர் கதை இது’ என்று நான் எழுதவில்லை. ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா சென்ற பெண்களில், ஒரே காலத்தில் ஒரே வழியில் வந்த பல்லாயிரம் பேருக்குப் பொதுவான வாழ்க்கையைச் சொல்கிறேன். குடும்பத்துக்கும் கோயிலுக்கும் வாழ்ந்தவர்கள் என்று பேரப்பிள்ளைகள் அவர்களை நினைவுகூர்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை நாம் இன்னும் முழுதாக எழுதவில்லை.

முதலில் அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து முதல் உலகப் போர் வரை, பழைய ஹங்கேரி அரசின் எல்லைக்குள்ளிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அமெரிக்கா போனார்கள். ஹங்கேரியர், ஸ்லோவாக்கியர், ரூசின்கள், ஜெர்மானியர் என எல்லோரும் அதில் உண்டு. அபவுய், செம்ப்ளேன், சபோல்ச் போன்ற வடகிழக்கு மாவட்டங்களில் நிலமெல்லாம் பெரிய பண்ணைகளின் கையில் இருந்தது. சிறு குடியானவருக்கு அறுவடைக் கூலிதான் மிஞ்சியது. ஆண்கள் போனது தங்குவதற்காக அல்ல. நாலைந்து வருடம் சம்பாதித்து, திரும்பி வந்து நாலு ஏக்கர் வாங்குவதற்காக. திரும்பியவர்களும் ஏராளம். 1904 முதல் ஃபியூமே துறைமுகத்திலிருந்து, அதாவது இன்றைய குரோவேஷியாவின் ரியேக்காவிலிருந்து, நியூயார்க்குக்கு நேரடிக் கப்பல் போனது. 1912இல் டைட்டானிக்கில் தப்பியவர்களைக் கடலிலிருந்து மீட்டதாக நாம் படிக்கும் கார்பாத்தியா, அன்று நியூயார்க்கிலிருந்து ஃபியூமேயை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல்தான். அதன் மருத்துவர்களில் ஒருவரான ஆர்பாட் லெங்யெல் ஹங்கேரியர்.

ஆண்களின் இந்தப் போக்குவரத்தை நிரந்தரக் குடியிருப்பாக மாற்றியது பெண்களின் வருகை. மனைவி வந்து சேர்ந்ததும் வீடு வாடகைக்கு எடுத்தார்கள். வீடு வந்ததும் அதே கிராமத்து ஆண்கள் அங்கே தங்க வந்தார்கள். அமெரிக்க ஹங்கேரியர் ‘புர்தோஷ்ஹாஸ்’ என்று சொன்ன அந்த விடுதி வீடுதான் எல்லாக் குடியிருப்புக்கும் முதல் கல். பகல் ஷிஃப்ட்டு ஆள் எழுந்த படுக்கையில் இரவு ஷிஃப்ட்டு ஆள் வந்து படுப்பான். அந்த வீட்டுக்காரிக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. விடியுமுன் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, ஒவ்வொருவருக்கும் சாப்பாட்டுத் தூக்கை நிரப்பி அனுப்ப வேண்டும். அவர்கள் திரும்பும் நேரத்துக்கு, நிலக்கரிக் கறுப்பைக் கழுவ வெந்நீர் காயவேண்டும். தெருக்குழாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ சுமந்து வந்த தண்ணீரில்தான் அத்தனை பேரின் சுரங்க உடைகளையும் துவைத்தார். இதற்கிடையில் கர்ப்பம், பிரசவம், கைக்குழந்தை. கணவனின் கூலி வீட்டை ஓட்டியது என்றால், இவர் விடுதி நடத்திச் சேர்த்த காசுதான் ஊரிலிருந்த கடனை அடைத்தது, பிறகு அமெரிக்காவில் ஒரு சிறு வீட்டுக்கு முன்பணமானது.

அடுத்தது அவர்களின் விசுவாசம். இந்த இடத்தில்தான் நம் எழுத்து மிகவும் வறண்டுபோகிறது. ‘பக்தி மிகுந்தவர்’ என்று ஒரு அடைமொழி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவருக்குப் பக்தி என்பது ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டுமல்ல. வாரத்தின் மற்ற நாட்களிலும் அவர் செய்த வேலை அது.

கிளீவ்லாந்தில் ஹங்கேரியச் சீர்திருத்தத் திருச்சபையினர் 1891இல் தங்கள் சபையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே, 1892இல், பக்ஐ சாலைப் பகுதியில் கத்தோலிக்கரின் புனித எலிசபெத் பங்கு உருவானது. ஹங்கேரியக் கத்தோலிக்கருக்கென்று அமெரிக்காவில் அமைந்த முதல் பங்கு அது. கரோய் பேம் என்ற குருவின் பெயர் அதோடு சேர்ந்து வரலாற்றில் நிற்கிறது; அது நியாயமானதே. தோலிடோ நகரில் ஒரு வார்ப்பு ஆலை கிளீவ்லாந்திலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்து குடியேற்றிய பர்மிங்காம் என்ற பகுதியில், 1898இல் புனித ஸ்தேவான் பங்கு தொடங்கியது. வார்ப்புப் பட்டறையிலும் சுரங்கத்திலும் அன்றாடங்காய்ச்சிகளாக இருந்த மக்கள், கல்லால் இத்தனை பெரிய கோயில்களை எப்படிக் கட்டினார்கள்?

பெரும் பகுதி ஆண்களின் கூலியிலிருந்து வந்தது. கணக்கேட்டில் அது இருக்கிறது. கணக்கேட்டில் சிறு தொகைகளாக மட்டும் தெரிகிற இன்னொரு ஊற்றும் உண்டு. கோயிலின் அடித்தளக் கூடத்தில் பெண்கள் நீண்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து ‘சிகா’ செய்வார்கள். முட்டை போட்டுப் பிசைந்த மாவை மெல்லியதாகத் தேய்த்து, சின்னச் சதுரங்களாக வெட்டி, வரிவரியாக மேடு உள்ள சிறு பலகையில் வைத்து, ஒரு குச்சியால் ஒவ்வொன்றாக உருட்டி எடுக்கும் நூடுல்ஸ் அது. நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும். கல்யாண விருந்தின் கோழிச் சூப்பில் அது இல்லாமல் முடியாது. ஒரு பவுண்டு சேர ஆயிரக்கணக்கான முறை விரல் உருள வேண்டும். கிராமத்தில் கல்யாணத்துக்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் செய்த வேலையை, இங்கே கோயிலுக்குப் பணம் சேர்க்கும் வேலையாக மாற்றினார்கள். அதோடு வால்நட்டும் கசகசாவும் அடைத்த பெய்க்லி, ஊறவைத்த முட்டைகோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டிய தோல்தோட் காபோஸ்தா, பாப்ரிகா மிளகாய்த்தூளில் சிவந்த கோழிக் குழம்பு. விற்ற காசு கூரைக்குப் போனது, கொதிகலனுக்குப் போனது, பள்ளிக்கூடத்துக்குப் போனது.

கிளீவ்லாந்துப் பங்கின் பாதுகாவலர் யார் என்று பாருங்கள். ஹங்கேரி அரசனின் மகள் எலிசபெத், 1207இல் பிறந்தவர். இளம் விதவையான பின் மார்பூர்க் நகரில் மருத்துவமனை அமைத்து, நோயாளிகளைத் தன் கையால் கழுவித் துடைத்தார். 1231இல், 24 வயதில் இறந்தார். ஏழைகளுக்காக மடியில் மறைத்துக் கொண்டுபோன ரொட்டி ரோஜாப் பூக்களாக மாறியது என்பது அவரைப் பற்றி மக்கள் சொல்லும் கதை. பசித்தவனுக்கு ரொட்டி கொடுப்பதும் நோயாளியைத் துடைப்பதும் வழிபாடு என்று அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடுதி வீட்டில் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அந்த விசுவாசம் சோதனைக்கு உள்ளான ஒரு மாதத்தை மட்டும் சொல்கிறேன். 1907 டிசம்பர் 6ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்காவில் சுரங்கம் வெடித்து, அரசுக் கணக்குப்படி 362 பேர் இறந்தார்கள். 19ஆம் தேதி பென்சில்வேனியாவின் டார் சுரங்கத்தில் 239 பேர். இரண்டாவது விபத்தில் மாண்டவர்களில் ஹங்கேரி அரசிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அன்று பழைய நாட்காட்டிப்படி புனித நிக்கோலா திருநாள். கிரேக்கக் கத்தோலிக்கத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போகாமல் வழிபாட்டுக்குப் போனதால் உயிர் தப்பினார்கள். தப்பியவனின் மனைவியும் பறிகொடுத்தவனின் மனைவியும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். அடுத்த ஞாயிறு இருவரும் ஒரே கூரையின் கீழ் மண்டியிட்டிருப்பார்கள். விசுவாசத்தைத் துயரத்திலிருந்து தப்பி ஓடும் வழி என்று எழுதுகிறவர்கள், அந்த ஞாயிறைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

மண்டியிட்டதோடு அவர்கள் நிற்கவும் இல்லை. 1886லேயே பென்சில்வேனியாவின் ஹேசல்டனில் 13 சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்து வெர்ஹோவாய் உதவிச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். நோய்க்கும் சாவுக்கும் கைகொடுக்க மாதச் சந்தா. சீர்திருத்தத் திருச்சபையினரின் கூட்டமைப்பு 1921இல் லிகோனியர் ஊரில் பெத்லேன் இல்லத்தைத் திறந்தது. அநாதைப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் புகலிடமான இல்லம் அது. வாசலில் கதவைத் தட்டிய விதவைக்கு முதல் வேளைச் சோறு போட்டது பக்கத்து வீட்டுப் பெண். சங்கத்தின் பணம் அதற்குப் பின்புதான் வந்தது.

முதல் உலகப் போர் முடிந்ததும் எல்லை அவர்களின் தலைக்கு மேலே நகர்ந்தது. 1920 ஜூன் 4ஆம் தேதி ட்ரியனோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. கிராமம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அது இப்போது செக்கோஸ்லோவாக்கியாவிலோ ருமேனியாவிலோ யூகோஸ்லாவியாவிலோ இருந்தது. 1924இல் அமெரிக்கா போட்ட சட்டம் ஹங்கேரிக்கு ஆண்டுக்கு 473 பேர் என்று வரம்பு கட்டியது. தங்கையை அழைக்க முடியாது, தாயை அழைக்க முடியாது. நாலு ஏக்கர் வாங்கித் திரும்பும் கனவும் முடிந்தது. இனி வீடு என்றால் ஒஹாயோதான்.

அந்த நாளிலிருந்து மொழி பெண்களின் பொறுப்பானது. பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் பேசினார்கள். ஆண்கள் ஆலையில் அரைகுறை ஆங்கிலம் கற்றார்கள். ஹங்கேரிய மொழி அடுக்களையிலும் செபத்திலும் தங்கியது. டிசம்பர் 13, லூட்சா திருநாளன்று தட்டில் கோதுமை முளைக்கப் போட்டு, கிறிஸ்துமஸுக்குள் பச்சைப் பயிராக்குவது, டிசம்பர் 24 மாலை குழந்தை இயேசு பரிசு கொண்டுவருவார் என்று காத்திருப்பது, ஈஸ்டருக்குப் பன்றித் தொடையிறைச்சியும் முட்டையும் கலாச் ரொட்டியும் கூடையில் வைத்துக் கோயிலில் மந்திரித்து வாங்கி வருவது, ஈஸ்டர் திங்களன்று பையன்கள் வந்து பெண்கள் மேல் தண்ணீர் தெளித்து வண்ண முட்டை வாங்கிப் போவது என எல்லாமே பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைக்கு வந்தவை. இடையர் வேடமிட்டுச் சிறுவர்கள் ஆடிப் பாடும் பெத்லெஹெமெஷ் நாடகம் தோலிடோவின் பர்மிங்காமில் தலைமுறை தாண்டி வாழ்ந்ததற்கு, வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த வீடுகளே காரணம்.

அந்தப் பகுதியே ஒருமுறை தன் இருப்புக்காகப் போராட வேண்டியிருந்தது. 1974இல் பர்மிங்காமின் நடுவே மேம்பாலம் கட்ட நகராட்சி திட்டமிட்டபோது, குடியிருப்பு முழுவதும் கோயில்களைச் சுற்றித் திரண்டு அதைத் தடுத்தது.

இரண்டாவது வகைப் பாட்டி 1956இல் வந்தவர். அவரை முதல்வரோடு கலந்து எழுதிவிடாதீர்கள். அக்டோபர் 23இல் புடாபெஸ்டில் எழுந்த புரட்சியை நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் நசுக்கிய பின், ஏறக்குறைய 2,00,000 பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். பலர் ஆந்தாவ் ஊருக்கருகே கால்வாயின் குறுக்கே இருந்த சிறு பாலத்தைக் கடந்து ஆஸ்திரியா போனார்கள். நவம்பர் 21இல் அந்தப் பாலமும் தகர்க்கப்பட்டது. அமெரிக்கா வந்தவர்களில் பெரும்பாலோர் நியூ ஜெர்சியின் கில்மர் முகாமில் இறங்கினார்கள். அருகிலிருந்த நியூ பிரன்ஸ்விக் நகரில் ஏற்கெனவே ஹங்கேரியர் கோயில்களும் கடைகளும் இருந்தன. கிராமத்துப் பெண்களாக வந்த மூத்தவர்கள், நகரத்தில் படித்து வளர்ந்த இந்த இளம் தாய்மார்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

புதியவர்களின் விசுவாசம் வேறு உலையில் காய்ச்சப்பட்டது. 1948இல் திருச்சபைப் பள்ளிகள் அரசுடைமையானதையும், 1950இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டதையும் பார்த்தவர்கள் அவர்கள். கர்தினால் யோசெஃப் மின்ட்சென்டி 1949இல் ஆயுள் தண்டனை பெற்றவர்; புரட்சியின்போது விடுதலையாகி, அது நசுக்கப்பட்டதும் புடாபெஸ்டிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். அங்கேயே 15 ஆண்டுகள் இருந்தார். அவர் 1974இல் கிளீவ்லாந்து வந்தபோது அந்தப் பெண்களுக்கு அவர் வெறும் திருச்சபைத் தலைவர் அல்லர். தாங்கள் விட்டுவந்த எல்லாவற்றுக்கும் உயிருள்ள சாட்சி. சனிக்கிழமை ஹங்கேரியப் பள்ளிகளையும் சாரணர் குழுக்களையும் இந்தத் தாய்மார்கள் உழைத்துக் காத்தார்கள். இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டிகளாக நம்மிடையே எஞ்சியிருப்பவர்கள் இவர்களே. அன்று இருபது வயதில் எல்லை தாண்டியவருக்கு இன்று வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

ஒரு எதிர்வாதம் உங்களில் சிலரிடம் எழும். குடும்பமும் கோயிலும் என்று இந்தப் பெண்களைப் புகழ்வது, அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனதை மறைப்பதாகாதா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். விடுதி வீட்டின் மூத்த மகள் பள்ளியை விட்டு நின்று அம்மாவுக்குக் கைகொடுத்தாள். அவள் படிக்க ஆசைப்பட்டிருப்பாள். குடிகாரக் கணவனிடம் அடிவாங்கியவரும் அதே கோயில் இருக்கையில்தான் உட்கார்ந்தார். அதையும் எழுதுங்கள். ஆனால் வழியில்லாமல் செய்த உழைப்பும் உழைப்புதான். தனக்குக் கிடைத்த குறுகிய இடத்தில் நின்றுகொண்டு ஒரு பெண் எதைக் கட்டினார் என்பதைச் சொல்லாமல் விட்டால், அவரை இரண்டாம் முறை அழிக்கிறோம். அவரைத் தியாகச் சிலையாக்க வேண்டாம், பாவப்பட்டவராகவும் ஆக்க வேண்டாம். ஒரு சமூகத்தை நிறுவியவர்களில் ஒருவராக எழுதுங்கள்.

செய்ய வேண்டியது என்ன? எனக்குத் தோன்றுகிற நான்கைச் சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். ஹங்கேரிய வழக்கில் கோவாச் யானோஷ் என்பவரை மணந்தவர் கோவாச் யானோஷ்னே ஆகிவிடுவார். அவருடைய சொந்தப் பெயரின் ஓர் எழுத்துகூட மிஞ்சாது. நன்கொடைப் பட்டியலிலும் கல்லறையிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதே ஹங்கேரியின் பதிவேடுகள் ஒருவரை அடையாளம் காணத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்பவை. திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்தால் அந்தப் பெயர் கிடைக்கும். கிடைத்த பெயரை முழுதாக அச்சிடுங்கள்.

இரண்டாவதாக, சிறு கணக்குகளைப் படியுங்கள். செபமாலைச் சங்கத்தின் வரவு செலவு, நூடுல்ஸ் விற்பனை நோட்டு, விடுதி வீட்டில் யார் எவ்வளவு பாக்கி என்ற துண்டுச் சீட்டு, வேதாகமத்தின் உள்ளட்டையில் எழுதிவைத்த பிறப்பு இறப்புத் தேதிகள். பெண்களின் பொருளாதாரம் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதாக, கடலின் இரு கரையையும் பாருங்கள். ஹங்கேரிய வரலாற்றாசிரியர் யூலியான்னா புஷ்காஷ், சமோஷ்செக் என்ற ஒரே கிராமத்திலிருந்து போனவர்களை இரு நாட்டிலும் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரு கிராமத்தை அவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும்போதுதான், அமெரிக்க டாலர் எந்த வீட்டின் கூரையானது, எந்தப் பெண் பிள்ளைகளோடு காத்திருந்தார் என்பது தெரியவரும்.

நான்காவது, மிக அவசரமானது. உயிரோடு இருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். கேட்கும்போது ‘ஏன் வந்தீர்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். விடியற்காலையில் முதலில் என்ன வேலை செய்தீர்கள், வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், பணம் யார் கையில் இருந்தது, யாருக்காகச் செபித்தீர்கள், எந்தச் செபம் கேட்கப்படவே இல்லை என்று கேளுங்கள். தமிழர் புலப்பெயர்வை எழுதுகிறவர்களும் இதே கேள்விகளை எடுத்துக்கொண்டு தங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் போகலாம்.

இந்தப் பெண்கள் கட்டியது நிலைத்ததா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. கிளீவ்லாந்து மறைமாவட்டம் பல பங்குகளை மூடியபோது, 2010இல் ஹங்கேரியரின் புனித எமெரிக் கோயிலும் மூடப்பட்டது. அதன் மக்கள் ரோமுக்கு மேல்முறையீடு செய்தார்கள். 2012இல் வத்திக்கான் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கோயில் மறுபடி திறந்தது. அந்த வழக்கை நடத்தியவர்கள், அந்தக் கோயிலின் கூடத்தில் பள்ளியும் சாரணமும் கற்று வளர்ந்த தலைமுறையினர். பாட்டிகள் விட்டுச்சென்ற சொத்து எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கணக்கெடுப்பாளர் தனக்குத் தரப்பட்ட விதியின்படி எழுதினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உங்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. அடுத்த நூலை எழுதும்போது தொழில் என்ற கட்டத்தில் அந்தப் பெண் செய்ததை எழுதுங்கள்: விடுதி நடத்தினார், கோயில் கட்டினார், மொழி கற்பித்தார், விதவைக்குச் சோறு போட்டார். அவருடைய பெயரையும், பிறந்த வீட்டுப் பெயரோடு, நூலின் பெயரகராதியில் சேருங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் நூல்களைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகர்